மைல்கல்லும் சுமைதாங்கிக் கல்லும்

நுழையும்முன்

நெடும்பயணம் மேற்கொண்ட ஒருவர் தம் இலக்கை எட்டும்போது நாம் அவரைப் பாராட்டுகிறோம். அந்த இலக்குவரை அவரைக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் யாவர் என்று கேட்பதில்லை. கண்டங்களைத் தரைவழியாகக் கடந்த பயணங்களையும் காவிரிப் படுகையின் பழைய சத்திரங்களையும் அருகருகே வைத்து எண்ணிப் பார்க்கிறது இக்கட்டுரை. பயணத்தின் பெருமை எவருக்கு உரியது என்னும் வினாவை அது உங்கள் முன் வைக்கிறது.

சாலையோரத்து இரு கற்கள்

தஞ்சைப் பகுதியின் பழைய சாலைகளில் இருவகைக் கற்களைக் காணலாம். ஒன்று மைல்கல். ஊரின் பெயரும் தொலைவின் எண்ணும் பொறித்து, கண்ணில் படும்படி வண்ணம் பூசி நிற்பது. மற்றொன்று சுமைதாங்கிக் கல். இரண்டு கற்களைச் செங்குத்தாக நட்டு, அவற்றின்மேல் நீண்ட கல்லொன்றைக் கிடையாகப் படுக்கவைத்தால் அதுவே சுமைதாங்கி. தலைச்சுமையுடன் தனியே நடப்பவருக்குப் பெரிய இடர் ஒன்று உண்டு. களைத்தபோது சுமையைத் தாமே இறக்க இயலாது; இறக்கினாலும் மீண்டும் தாமே தூக்க இயலாது. சுமைதாங்கியின் உயரம் இந்த இடரை அறிந்து அமைக்கப்பட்டது. தலையைச் சற்றே சாய்த்துச் சுமையை அக்கல்லின்மீது நகர்த்திவிடலாம். களைப்பு நீங்கியபின் எவர் துணையுமின்றி மீண்டும் தலைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

சுமைதாங்கிக் கற்களுள் பல, கருவுற்றிருந்த நிலையில் இறந்த பெண்களின் நினைவாக நடப்பட்டவை. இறக்கி வைக்க இயலாத சுமையோடு மறைந்த ஒரு பெண்ணுக்காக, வழிச்செல்வோர் சுமையை இறக்கிவைக்க ஒரு கல்லை நட்டது நம் மக்களின் மரபு. தன் துயரைப் பிறர் களைப்புக்கு மருந்தாக்கிய அந்த எண்ணத்தை வியக்காமல் இருக்க முடியாது.

இவ்விரு கற்களும் சாலையைவிட்டு மொழிக்குள்ளும் புகுந்துவிட்டன. ஆனால், மொழி அவற்றுக்கு ஒரே மதிப்பைத் தரவில்லை. 'வாழ்வில் ஒரு மைல்கல்' என்று சொல்லும்போது குரலில் பெருமிதம் இருக்கிறது. 'அவர்தான் அந்தக் குடும்பத்தின் சுமைதாங்கி' என்று சொல்லும்போது இரக்கமே மிகுதி. மைல்கல்லை எட்டியவருக்கு மாலை. சுமைதாங்கிக்கு ஒரு பெருமூச்சு. இந்த வேறுபாடு நியாயமற்றது என்பதே என் கருத்து. எந்த நெடும்பயணமும் மைல்கற்களால் நிறைவேறுவதில்லை. அவற்றின் இடையே எங்கோ நிற்கும் சுமைதாங்கிகளால்தான் நிறைவேறுகிறது.

லண்டனிலிருந்து சிங்கப்பூர்வரை

1955ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் ஆகிய பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த இளைஞர் அறுவர் இரண்டு லேண்ட் ரோவர் வண்டிகளில் லண்டனிலிருந்து புறப்பட்டனர். ஐரோப்பாவைக் கடந்து, மேற்காசியப் பாலைநிலங்களைத் தாண்டி, இந்தியாவின் வழியே பர்மாவுக்குள் நுழைந்து, தாய்லாந்தையும் மலாயாவையும் கடந்து 1956 மார்ச்சுத் திங்களில் சிங்கப்பூரை அடைந்தனர். ஐரோப்பாவின் மேற்குக் கரையிலிருந்து ஆசியாவின் தென்கிழக்கு முனைவரை ஏறத்தாழ ஆறு திங்கள் நீண்ட அப்பயணம், தரைவழிப் பயண வரலாற்றில் ஒரு மைல்கல்லாகப் போற்றப்படுகிறது. 1957இல் லண்டனிலிருந்து கொல்கத்தாவுக்குப் பயணியர் பேருந்தே இயங்கியது. கண்டங்களைச் சாலை இணைக்கும் என்னும் நம்பிக்கை வலுப்பெற்ற காலம் அது.

அந்த இளைஞர்களின் துணிவை எவரும் குறைத்துக் கூற முடியாது. ஆயினும், அவர்களுடைய சக்கரங்களின் கீழே இருந்த மண்ணையும் நாம் பார்க்க வேண்டும். அசாமிலிருந்து பர்மாவுக்குள் செல்ல அவர்களுக்கு வழி கொடுத்தது லெடோ சாலை. இரண்டாம் உலகப்போரின்போது, மலையையும் மழைக்காட்டையும் பிளந்து, ஆயிரக்கணக்கான தொழிலாளர்களும் படைவீரர்களும் அமைத்த சாலை அது. நோயினாலும் மண்சரிவினாலும் பலர் அங்கேயே மாண்டனர்.

பயணத்தின் இறுதிப் பகுதி மலாயாவின் சாலைகளில் நிகழ்ந்தது. இங்கேதான் அந்தப் பயணம் நம் காவிரிப் படுகையைத் தொடுகிறது. மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களை உருவாக்கியவர்கள், இருப்புப்பாதைகளையும் சாலைகளையும் அமைக்க உழைத்தவர்கள் ஆகியோருள் பெருந்தொகையினர் தமிழ்நாட்டிலிருந்து சென்றவர்கள். அவர்கள் கப்பலேறிய துறைமுகங்களுள் முதன்மையானது நாகப்பட்டினம். தஞ்சை வயல்களில் கூலிக்கு உழைத்து, வறுமை தாங்காமல் ஊரைவிட்டு நடந்து, நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்கள் பலர். அவர்களும் கண்டத்தின் ஒரு முனையிலிருந்து மற்றொரு முனைக்குச் சென்றவர்களே. அவர்களுடைய வருகையை எந்தச் செய்தித்தாளும் மைல்கல் என்று எழுதவில்லை. அவர்கள் கொத்திச் சமன்செய்த மண்ணின்மேல்தான் பின்னாளில் இரண்டு வண்டிகள் ஓடி, உலகின் பாராட்டைப் பெற்றன.

இதனை ஓடியவர்களின் குற்றமாகச் சொல்லவில்லை. வெற்றியைக் கணக்கிடும் முறையில் உள்ள குறையாகவே சொல்கிறேன். சாலையில் கடைசியாக வருபவரின் பெயரை நாம் குறித்துக்கொள்கிறோம். அந்தச் சாலைக்கு முதலில் வந்தவர்கள் பெயரற்றுப் போகிறார்கள்.

கயிறு பிடித்தவர்கள்

தொலைவை அளந்த வரலாற்றிலும் இதே நிலைதான். நிலப்பரப்பை முக்கோணங்களாகப் பகுத்து அளக்கும் பெரும்பணியை வில்லியம் லாம்டன் 1802இல் சென்னையை அடுத்த பரங்கிமலையருகே தொடங்கினார். முக்கோண அளவைக்கு உயரமான இடங்கள் தேவை. காவிரிப் படுகையிலோ குன்றுகள் இல்லை; கண்ணுக்கெட்டியவரை நெல்வயல்களும் தென்னந்தோப்புகளுமே உண்டு. எனவே கோயில் கோபுரங்களே அளவை நிலையங்களாயின. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தின்மீது, ஏறத்தாழ அரை டன் எடையுள்ள கோணமானி கயிறு கட்டி ஏற்றப்பட்டது. ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி கோபுரச் சுவரில் மோதிச் சிதைந்தது. லாம்டன் மனம் தளராமல் அதனைத் தம் கையாலேயே பழுதுபார்த்தார். தெற்கே தொடங்கிய அந்த அளவை, அவருக்குப் பின்னும் தொடர்ந்து, இமயமலை அடிவாரம்வரை ஏறத்தாழ 2400 கிலோமீட்டர் நீண்டது.

லாம்டனின் விடாமுயற்சி போற்றத்தக்கது. அவருக்குப் பின் வந்த எவரெஸ்டின் பெயர் உலகின் மிக உயர்ந்த சிகரத்துக்கே சூட்டப்பட்டது. ஆனால், தஞ்சையில் அன்று அந்தக் கயிற்றைப் பிடித்து நின்றவர்களின் பெயர்களை நாம் அறியோம். காடுகளை வெட்டி வழியமைத்தவர்கள், காய்ச்சலில் விழுந்தவர்கள், சங்கிலியைச் சுமந்தவர்கள் ஆகியோரின் பெயர்களையும் நாம் அறியோம். நில வரைபடத்தில் கோடு தெரிகிறது. கோட்டை இழுத்த கைகள் தெரிவதில்லை.

பணமின்றி நடந்த இருவர்

கண்டங்களைக் கடந்த பயணங்களுள், பிறர் துணையை வெளிப்படையாகவே தம் ஆற்றலாக ஏற்றுக்கொண்ட ஒன்றையும் இங்கே நினைவுகூர வேண்டும். சதீஷ் குமார், இ. பி. மேனன் என்னும் இந்திய இளைஞர் இருவர், அணுப்படைக்கலன்களைக் கைவிடுமாறு வேண்டி, 1962ஆம் ஆண்டு தில்லியில் காந்தியடிகளின் நினைவிடத்திலிருந்து நடக்கத் தொடங்கினர். மாஸ்கோ, பாரிஸ், லண்டன், வாஷிங்டன் ஆகிய நான்கு தலைநகரங்களும் அவர்களின் இலக்குகள். புறப்படும்முன் அவர்கள் வினோபா பாவேயிடம் வாழ்த்துப் பெறச் சென்றனர். பணம் எடுத்துச் செல்ல வேண்டா என்பது அவர் கூறிய அறிவுரை.

வியப்பூட்டும் அறிவுரை அது. கையில் பணம் இருந்தால் களைத்தபோது ஒரு விடுதியைத் தேடிச் சென்று உண்டு உறங்கிவிடலாம்; எவருடனும் பேச வேண்டிய தேவையில்லை. பணம் இல்லாவிட்டால் ஒரு வீட்டின் கதவைத் தட்டியே ஆகவேண்டும். கதவைத் தட்டினால் பேச நேரும். பேசினால் அயலார் உறவினராவர். இந்திய எல்லையில் நண்பர் ஒருவர் உணவுப் பொட்டலங்களைக் கொடுத்தபோது, அவற்றை எடுத்துச் செல்வது பாகிஸ்தான் மக்கள்மீது நம்பிக்கையின்மையைச் சுமந்து செல்வதாகும் என்று கருதி மறுத்ததாகச் சதீஷ் குமார் கூறியுள்ளார். எல்லையைக் கடந்தவுடன், அவர்களை எதிர்பார்த்து நின்ற ஒருவர் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். போரும் பிரிவினையும் பகையாக்கிய மண்ணில் முதல் வேளை உணவு அவ்வாறு கிடைத்தது.

ஆப்கானிஸ்தான், ஈரான் ஆகிய நாடுகளின் வழியே அவர்கள் நடந்தனர். ஜார்ஜியாவில் தேயிலைத் தொழிற்சாலையில் பணிபுரிந்த பெண் ஒருவர் நான்கு தேயிலைப் பொட்டலங்களை அவர்களிடம் கொடுத்தார். அணுப்படை கொண்ட நான்கு நாடுகளின் தலைவர்களுக்கும் ஒவ்வொரு பொட்டலம். குண்டை ஏவும் பொத்தானை அழுத்தத் தோன்றும்போது, சற்றே நின்று ஒரு கோப்பைத் தேநீர் அருந்துங்கள் என்பது அப்பெண் அனுப்பிய செய்தி. இடையே கடலைக் கப்பலில் கடந்து, 1964ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வாஷிங்டனை அடைந்தபோது அவர்கள் நடந்த தொலைவு ஏறத்தாழ 8000 மைல்.

அந்தப் பயணத்தின் மைல்கல் வாஷிங்டன் என்று ஏடுகள் கூறலாம். தேயிலைப் பொட்டலம் கைமாறிய இடமே அதன் உண்மையான மைல்கல் என்பேன். அங்கேதான் நடந்தவர்களின் நோக்கம், வழியில் நின்றவர்களின் நோக்கமும் ஆயிற்று.

நெல் விளைந்த நாட்டின் விருந்தோம்பல்

முன்பின் அறியாத பயணிக்குச் சோறும் நிழலும் தருவது அந்தந்த வீட்டாரின் நல்லெண்ணத்தைப் பொறுத்தது என்றே நாம் பெரும்பாலும் எண்ணுகிறோம். காவிரிப் படுகை அதனை நல்லெண்ணத்தின் அளவில் விட்டுவிடவில்லை. ஓர் அமைப்பாகவே ஆக்கிக் காட்டியது. தஞ்சாவூரிலிருந்து இராமேசுவரம் செல்லும் வழியில் நடந்து செல்வோர் தங்குவதற்காக மராத்திய மன்னர் காலத்தில் சத்திரங்கள் வரிசையாக அமைந்தன. ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரம், இராசாமடத்தில் மோகனாம்பாள் சத்திரம், மணமேல்குடியில் திரௌபதாம்பாள் சத்திரம் என்று பெண்களின் பெயர்களையே அவற்றுட் பல தாங்கி நிற்கின்றன. நீடாமங்கலத்திலும் யமுனாம்பாள் பெயரில் ஒரு சத்திரம் உண்டு. சுமைதாங்கிக் கல்லை நட்ட அதே மரபின் பெருவடிவம் என்று இவற்றைக் கருதலாம்.

சத்திரங்கள் வெறுங்கட்டடங்களாக இயங்கவில்லை. அவற்றுக்கு நன்செய் நிலங்கள் மானியமாக விடப்பட்டன. அந்த வயல்களில் விளைந்த நெல்லே பயணியின் இலையில் சோறாயிற்று. காவிரி பாய்ந்து, உழவர் உழுது, பெண்கள் நட்டு, களத்தில் தூற்றி அளந்த நெல்லின் ஒரு பகுதி, எங்கிருந்தோ வந்து எங்கோ செல்லும் ஒருவருக்கென்று ஒதுக்கப்பட்டது. வழிப்போக்கர் எந்த வயலையும் உழுதவரல்லர். இந்த ஊருக்கு மீண்டும் வருவார் என்னும் உறுதியும் இல்லை. ஆயினும் அவருக்கென ஒரு பங்கு இருந்தது.

1799ஆம் ஆண்டு உடன்படிக்கையால் தஞ்சை நாட்டின் ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறியது. சத்திரங்களின் அறம் இடையறாது தொடர வேண்டும் என்று இரண்டாம் சரபோஜி மன்னர் 1801இல் ஆங்கில அதிகாரிக்கு மடல் எழுதினார். சத்திரங்களில் நடைபெற்ற பணிகளை அம்மடல் விரித்துரைக்கிறது. வருவோர் அனைவருக்கும் சோறு வழங்கப்பட்டது. சமைத்த உணவை ஏற்க விரும்பாதவர்களுக்கு அரிசியும் பிற பொருள்களும் அளிக்கப்பட்டன. நள்ளிரவில் மணியடித்து, உண்ணாதவர் எவரேனும் உளரா என்று அழைத்து உணவு தரப்பட்டது. நோயுற்ற பயணிகளுக்கு மருத்துவமும், குழந்தைகளுக்குப் பாலும், கருவுற்ற பெண்களுக்குத் தனிக் கவனிப்பும் கிடைத்தன. வழியில் இறந்தோர்க்கு இறுதிச் சடங்குகள் செய்யப்பட்டன. சத்திரங்களில் கல்வியும் கற்பிக்கப்பட்டது. நாட்டின் ஆட்சியை இழந்த ஒரு மன்னர், அறத்தின் நாடு என்னும் பெயரை இழக்க விரும்பவில்லை.

அதே மன்னர் 1820இல் பெரும் பரிவாரத்துடன் தஞ்சையிலிருந்து காசிக்குத் தரைவழியே பயணம் புறப்பட்டார். வழிப்போக்கருக்கு உணவிட்டவரே வழிப்போக்கராயினார். சாலையில் இறங்கியவர் எவராயினும், அவருக்கு நீரும் நிழலும் இன்னோர் ஊரிலிருந்துதான் கிடைக்க வேண்டும்.

மறுப்புகள் இரண்டு

இக்கருத்துக்கு மறுப்புகள் எழக்கூடும். சுமைதாங்கிகளையே புகழ்ந்துகொண்டிருந்தால் தனிமனித முயற்சிக்கு மதிப்பில்லாமல் போகாதா என்பது முதல் மறுப்பு. சாலை எல்லாருக்கும் பொதுவாக இருக்கிறது, சிலர்தாம் புறப்படுகின்றனர். புறப்படும் துணிவு அவர்களுடையதுதானே?

இம்மறுப்பில் உண்மை இருக்கிறது. துணிந்து அடியெடுத்து வைக்காதவருக்குச் சுமைதாங்கியால் பயனில்லை. மைல்கல்லும் வேண்டாத பொருளன்று. வந்த தொலைவை அறியாதவர் மேலும் நடக்க ஊக்கம் பெறமாட்டார். ஆனால், மைல்கல்லையே கூர்ந்து பாருங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியில் அதியமான் பெருவழியைச் சேர்ந்த பழைய காதக் கற்கள் கிடைத்துள்ளன. ஒரு கல், நாவற்றாவளம் என்னும் இடத்துக்கு உள்ள தொலைவு 29 காதம் என்று எழுத்தில் கூறுகிறது. எழுத்தறியாதவர்களும் அறியும்பொருட்டு, பத்துக்கு ஒன்றாக இரண்டு பெரிய குழிகளும் ஒன்றுக்கு ஒன்றாக ஒன்பது சிறு குழிகளும் அதில் வெட்டப்பட்டுள்ளன. கல்லைத் தடவிப் பார்த்தே தொலைவை அறியலாம். படிக்கத் தெரியாத ஒரு வழிப்போக்கரை மனத்தில் எண்ணிய எவரோ ஒருவர் அந்தக் குழிகளை வெட்டச் செய்திருக்கிறார். மேலும், 'தாவளம்' என்பது வணிகர்கள் தங்கி இளைப்பாறும் இடம். அந்தக் கல் கணக்கிட்ட தொலைவு, ஓய்விடத்துக்கு உள்ள தொலைவு! நம் முன்னோரின் மைல்கல், பயணியின் பெருமையைப் பறைசாற்ற நடப்பட்டதன்று. இளைப்பாறும் இடம் இன்னும் எவ்வளவு தொலைவில் உள்ளது என்று சொல்லவே நடப்பட்டது.

இரண்டாம் மறுப்பு கடுமையானது. சத்திரங்கள் சமத்துவத்தின் இடங்களாக இருந்தனவா என்பது அது. இல்லை என்பதே நேர்மையான விடை. சோறு அனைவருக்கும் கிடைத்திருக்கலாம். ஒரே பந்தியில் கிடைக்கவில்லை. சாதியின் பெயரால் தனியிடமும் தனிச் சமையலும் இருந்தன. சத்திரத்துக்கு நெல் விளைவித்த உழைப்பாளர்களுள் பலர் அந்தச் சத்திரத்தின் முன்வாயில் வழியே நுழைய இயலாதவர்களாக இருந்தனர். நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்களுள் அவர்களும் அடங்குவர். எனவே, பழைமையை அப்படியே மீட்க வேண்டும் என்று நான் கூறவில்லை. வழிப்போக்கருக்கு ஒரு பங்கு உண்டு என்னும் கொள்கையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதிலிருந்த வேற்றுமையை நீக்கிவிட வேண்டும் என்கிறேன். முன்னோர் விட்டுச்சென்ற வயலில் களையெடுப்பது அந்த வயலை வெறுப்பதாகாது.

இன்றைய வழிப்போக்கர்

இன்று கண்டங்களை இணைக்கும் சாலைகளைப் பற்றி நாடுகள் உடன்படிக்கைகள் செய்கின்றன. 2003இல் உருவான ஆசிய நெடுஞ்சாலை உடன்படிக்கை, ஜப்பான் முதல் துருக்கிவரை உள்ள நாடுகளின் சாலைகளை ஒரு வலைப்பின்னலாகக் காண்கிறது. அதன் ஒரு கிளை கிருஷ்ணகிரி, மதுரை வழியாக நம் தென்கடற்கரையை நோக்கி வருகிறது. சாலைகள் அகலமாகின்றன, வண்டிகள் விரைகின்றன, தொலைவு சுருங்குகிறது. இவை நல்லனவே. ஆனால், சாலை விரிவடையும்போது பழைய மரங்களோடு சுமைதாங்கிக் கற்களும் இடம் இழக்கின்றன. சத்திரங்களுட் பல சுவர் பிளந்து, ஆலங்கன்று முளைத்து நிற்கின்றன.

கற்கள் போனால் போகட்டும். அவற்றை நட்ட மனம் இருக்கிறதா என்று கேட்கலாம். இருக்கிறது என்பதற்குச் சான்றுகள் உண்டு. ஆண்டுதோறும் ஆகஸ்டு இறுதியில் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு நடந்து செல்வோர் தஞ்சை, திருவாரூர், நாகைச் சாலைகளில் திரள்வர். சமய வேறுபாடு பாராமல் வழியிலுள்ள மக்கள் தண்ணீரும் மோரும் உணவும் வழங்குவதை இன்றும் காணலாம்.

ஆயினும், திருவிழாக் காலத்து வழிப்போக்கரைப் போற்றுவது எளிது. மற்றக் காலத்து வழிப்போக்கரை எவ்வாறு நடத்துகிறோம் என்பதே உண்மையான தேர்வு. அண்மை ஆண்டுகளில் மேற்கு வங்கம், பீகார் போன்ற மாநிலங்களிலிருந்து தொழிலாளர்கள் காவிரிப் படுகைக்கு நடவுப் பணிக்கு வருகின்றனர். கொல்கத்தாவிலிருந்து தஞ்சாவூருக்கு ஏறத்தாழ 2000 கிலோமீட்டர். நெரிசல் மிகுந்த தொடர்வண்டியில் இரண்டு நாள் பயணம் செய்து, மொழி தெரியாத ஊரில் இறங்கி, குறுவைக்கும் சம்பாவுக்கும் நம் வயல்களில் நாற்று நடுகின்றனர். அன்று தஞ்சையிலிருந்து கங்கைக் கரைக்கு மன்னர் சென்றார். இன்று கங்கைச் சமவெளியிலிருந்து காவிரிக் கரைக்கு உழைப்பாளர் வருகின்றனர். அவர்கள் நட்ட நாற்றின் அரிசி நம் வீட்டு உலையில் கொதிக்கிறது.

அவர்களுக்குத் தங்கும் இடம் எது? நெல் கொட்டும் கொட்டகையா, கூரையில்லாத கட்டடமா? நோயுற்றால் அவர்களோடு மருத்துவமனைக்குச் சென்று மொழிபெயர்த்துச் சொல்பவர் எவர்? அவர்களோடு வந்த குழந்தை எந்தப் பள்ளியில் அமர்கிறது? 200 ஆண்டுகளுக்குமுன் ஒரு சத்திரம் விடைசொல்லிய வினாக்கள் இவை. 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது, பேருந்தும் தொடர்வண்டியும் இல்லாமல், இந்தியாவின் நெடுஞ்சாலைகளில் மூட்டைகளைத் தலையில் சுமந்து குழந்தைகளோடு நடந்த உழைப்பாளர்களை உலகம் கண்டது. அந்தச் சாலைகளில் மைல்கற்கள் குறைவில்லாமல் இருந்தன. வீடு இன்னும் எத்தனை நூறு கிலோமீட்டர் என்பதை அவை தவறாமல் காட்டின. சுமையை இறக்கி வைக்கத்தான் இடமில்லை. உணவுப் பொட்டலங்களோடு சாலையோரத்தில் நின்ற எளிய மக்களே அன்று அவர்களுக்குச் சுமைதாங்கிகளாயினர்.

நமக்குரிய பங்கு

பதினோராம் வகுப்பில் பயிலும் நீங்களும் ஒரு நெடுவழியில் நிற்கிறீர்கள். பொதுத்தேர்வு, கல்லூரி, வேலை, வெளிநாடு என்று மைல்கற்கள் உங்கள்முன் வரிசையாகத் தெரிகின்றன. அவற்றை நோக்கி விரைந்து செல்லுங்கள். அதே வேளையில், ஒவ்வொரு கல்லை எட்டும்போதும் ஒரு வினாவைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இதுவரை என் சுமையை எங்கெல்லாம் இறக்கி வைத்தேன்? விடியலில் எழுந்து உணவு கட்டிக் கொடுத்தவர், தம் படிப்பை நிறுத்திவிட்டு உங்களைப் படிக்கவைத்த அக்கா, பேருந்து நிற்கும்வரை உங்களுக்காகக் கை காட்டி நிறுத்திய கடைக்காரர் என்று விடைகள் நீளும். அவர்களை இரக்கத்தோடு நினைப்பது போதாது. உங்கள் வெற்றியின் பங்காளிகளாகப் பெருமையோடு நினைக்க வேண்டும்.

மற்றொரு பணியும் உண்டு. உங்கள் ஊரில் சுமைதாங்கிக் கல், பழைய சத்திரம், வழிப்போக்கர் குளம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றாவது இருக்கும். அதனைத் தேடிச் செல்லுங்கள். அது எங்கே இருக்கிறது, எவர் நினைவாக எழுந்தது, இப்போது எந்நிலையில் இருக்கிறது என்பவற்றை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். கல்லில் எழுத்து இருந்தால் படியெடுங்கள். எழுத்து இல்லாவிட்டால் பெரியவர்களின் நினைவில் இருக்கும் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பெரியவர்கள் மறைந்தபின் அப்பெயரைச் சொல்ல எவரும் இருக்கமாட்டார்கள்.

அவ்வாறு தேடிச் செல்லும் வழியில், நடவு முடிந்து வரப்பில் நடந்து வரும் அயல்மாநிலத் தொழிலாளர் ஒருவர் எதிர்ப்பட்டால் அவருடைய பெயரையும் கேளுங்கள். அவர் எத்தனை நாள் பயணம் செய்து வந்தார் என்று கேளுங்கள். குடிக்கத் தண்ணீர் கொடுங்கள். ஏட்டில் குறித்துவைக்கும் பெயர்களோடு அவர் பெயரும் சேரட்டும்.